மூன்றாம் எண் ரோவன்

மே 7, ஞாயிறு

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுதி வைக்கும்படி ஆஸ்பத்திரி டயட்டீஷியன் பெண் சொன்னாள். அதற்காக வாங்கிய நோட்டு இது. தண்ணீரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? குடித்தால் திட்டு, குடிக்காவிட்டால் தாகம். மீதி இடத்தில் என் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறேன்.

கத்திரி வெயில். விடிந்ததும் பொன்மலைச் சந்தைக்குப் போனோம். ரெஜினா வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு அவளே பையையும் எடுத்துக்கொண்டு கூட வந்தாள். டயாலிசிஸுக்காக என் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் ஒரு தேங்காயைக்கூடத் தூக்கக் கூடாது. வலது கையிலும் முன்பிருந்த வலு இல்லை. இரும்புச் சாமான் சேர்க்கிறவனுக்கு வர வேண்டிய வியாதியா இது?

சந்தையின் கடைசியில் தார்ப்பாய் விரித்திருக்கும் ஜக்கரியாவிடம் ரோவன் கை டிரில் ஒன்று இருந்தது. பல்சக்கரம் சுற்றுகிறது, கைப்பிடி மட்டும் விரிசல். "உங்களுக்குன்னே எடுத்து வச்சேன் சார். வேற எவனும் இதைத் தொடமாட்டான்" என்றான். அவன் சொன்னதில் கேலி இல்லை, உண்மைதான் இருந்தது.

என்றைக்காவது யாராவது இந்த நோட்டைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கிரான்லி என்பது இங்கிலாந்துக் கம்பெனி. பெரிய பட்டறைகளுக்கு உசத்தியான கருவிகள் செய்தவர்கள். கறுப்புப் பெயின்ட், ஈட்டி மரக் கைப்பிடி, பித்தளைத் திருகு. அதே கம்பெனி, வீட்டில் எப்போதாவது ஓர் அலமாரிக் கதவை இழைக்கிறவர்களுக்காகச் சல்லிசாக ஒரு வரிசை போட்டது. அதுதான் ரோவன். மெரூன் பெயின்ட், சாயம் பூசிய ஏதோ ஒரு மரம், திருகுகளில் ஒன்றிரண்டு குறைச்சல். வார்ப்பு மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ரோவனில் எந்த மூலையிலும் கிரான்லி என்ற பெயரைப் போடவில்லை. பெற்ற பிள்ளையை வேறு இனிஷியல் போட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாதிரி.

பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியர்கள் வீட்டுக்கு வீடு ஒரு ரோவன் பெட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது பெட்டிகள் சந்தைக்கு வந்தன. நான் பாய்லர் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்த நாளிலிருந்து பொறுக்குகிறேன். கருவி சேர்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஒருமுறை, "சவரிராஜ் சார், ரோவனெல்லாம் ஒரு கலெக்‌ஷனா?" என்று கேட்டார். பதிலுக்கு என் அலமாரியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அழுகிற பொம்மை ஒன்று போட்டார்.

மரம் இழைக்கும் ரோவன் இழைப்புளியில் நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் என்னிடம் இருக்கின்றன. மூன்றாம் எண் சின்னது, குறைவாகத்தான் செய்தார்கள். அதைப் பழைய விலைப்பட்டியலில் படமாகப் பார்த்ததோடு சரி.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து பெலிக்ஸ் வருகிறான். என் தம்பி. அவனுடைய கிட்னிகளில் ஒன்றை எனக்கு வைப்பதாகப் பேச்சு. ரத்தம் ஒத்துப்போகிறது. ரெஜினாவுக்குச் சர்க்கரை, அவளிடமிருந்து எடுக்க மாட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இறந்தவர்களின் கிட்னிக்கான அரசாங்க வரிசையிலும் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த வரிசை எப்போது நகரும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மே 9, செவ்வாய்

டயாலிசிஸ். உடம்பில் தண்ணீர் அதிகம் ஏறியிருக்கிறது என்று மெஷின் பையன் திட்டினான். "சார், இந்த வயசுல திருட்டுத்தனமா தண்ணி குடிக்கலாமா?" பக்கத்துப் படுக்கைத் தங்கவேல் வாத்தியார் எனக்காக வாதாடினார். அவரும் குடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டயாலிசிஸ் நாளில் நான் மனிதன் இல்லை, பிழிந்து காயப்போட்ட துணி.

மே 12, வெள்ளி

கை டிரில்லை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டது ரெஜினா. துருவை உப்புத்தாளால் தேய்த்ததும் அவள்தான். டிவியில் சீரியல் ஓட, மடியில் பழைய சேலையை விரித்துக்கொண்டு தேய்த்தாள். "பெயின்ட்ல படாம, பெயின்ட்ல படாம" என்று நான் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டேன்.

"இவ்வளவு வக்கணையாச் சொல்ற வாய்க்கு ஒரு தாள் குடுத்தா அதுவே தேய்ச்சிரும்" என்றாள்.

மே 13, சனி

மாம்பழம் எனக்கு ஆகாது. மோந்து பார்க்கவாவது இருக்கட்டும் என்று ரெஜினா ஒன்று வாங்கி வந்தாள். மோந்து பார்த்தேன்.

மே 15, திங்கள்

பெலிக்ஸும் ஷோபனாவும் வந்தார்கள். பிள்ளைகளைச் சென்னையில் அவள் அம்மா வீட்டில் விட்டிருக்கிறார்கள். பெலிக்ஸுக்குத் தொந்தி போட்டிருக்கிறது. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். நான் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் இப்போது கார் ஓட்டிக்கொண்டு வந்து, அதைத் தெருமுனையிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறான்.

அலமாரி முன்னால் நின்று வெகு நேரம் பார்த்தான்.

"அண்ணே, இதெல்லாம் அந்தக் கிரான்லி கம்பெனியா?"

"கம்பெனி அதுதான். வரிசை வேற."

"அப்ப கொஞ்சம் மட்டமானது?"

"சல்லிசானது. மட்டமில்லை."

சரிசரியென்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் இரக்கம் இருந்தது. எனக்கு முகம் சுருங்கியதை அவன் கவனிக்கவில்லை. கையில் காசு இருந்தால் அண்ணன் நல்லதாக வாங்கியிருப்பான் என்று நினைக்கிறான். கையில் காசு இருந்தாலும் நான் இதைத்தான் வாங்குவேன். பெயர் போடாமலேயே ஒழுங்காகச் செய்திருக்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கும். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். களைப்பாக இருந்தது.

சமையலறையில் ஷோபனா ரெஜினாவிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஆபரேஷன் ஆனா எவ்வளவு நாளைக்குக்கா வெயிட் தூக்கக் கூடாது? சின்னவ எப்பவும் அவர் தோள்லயேதான் கெடப்பா." ரெஜினா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. குக்கர் விசிலடித்துவிட்டது.

மே 16, செவ்வாய்

எனக்கு டயாலிசிஸ், அவனுக்கு ஸ்கேன். பிறகு டாக்டர் அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கொடுக்கிறவர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் பேசுவாராம். ஷோபனாவைக்கூட உள்ளே விடவில்லை. வெகு நேரம் கழித்து வெளியே வந்தவன், ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தண்ணீர்மேல் பொறாமையாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது நிறையச் சிரித்தான். ரிப்போர்ட் வந்ததும் போன் செய்கிறேன் என்று காலையில் கிளம்புகிறார்கள்.

மே 21, ஞாயிறு

சந்தைக்குப் போகவில்லை. மூச்சு வாங்குகிறது. ஜக்கரியாவுக்குப் போன் போட்டேன். "மூணாம் நம்பரா? அது ஆஸ்திரேலியாவுக்கே போயிருச்சு சார்" என்றான்.

மே 25, வியாழன்

டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தபோது பெலிக்ஸ் கூப்பிட்டான். அவன் கிட்னியில் சின்னக் கல் இருக்கிறதாம். அதனால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். "ரொம்ப வருத்தமா இருக்குண்ணே" என்றான். கடுதாசியைப் பார்த்துப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. வழக்கமாக அவன் வீட்டில் டிவி சத்தமும் பிள்ளைகள் சத்தமுமாக இருக்கும். இன்று ஒரு சத்தமும் இல்லை.

பாவம். எனக்காகப் பரிசோதனைக்குப் போனதால்தானே அவனுக்குக் கல் இருப்பதே தெரிந்தது. நிறையத் தண்ணீர் குடி என்று சொன்னேன். யார் யாருக்குச் சொல்கிற புத்திமதி பாருங்கள்.

ரெஜினா கேட்டாள், "எந்த டாக்டர் சொன்னாராம்? இன்னைக்கு ஆஸ்பத்திரியில நம்மகிட்ட ஒருத்தரும் மூச்சு விடலியே?"

"அவங்கவங்க ரிப்போர்ட்டை அவங்கவங்ககிட்டத்தான் சொல்லுவாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

மே 27, சனி

"தம்பி விஷயம் என்னாச்சு?" என்று தங்கவேல் வாத்தியார் கேட்டார். கல் என்று சொன்னேன். அவர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் தருகிறேன் என்று முன்வந்து, டாக்டர் தனியாகக் கேட்டபோது அழுதுவிட்டாராம்.

"மனசு இல்லேன்னா ஆஸ்பத்திரியே ஒரு காரணத்தைச் சொல்லி அனுப்பி வச்சிரும் சார். வீட்டுக்குள்ள பகை வந்துரக் கூடாது பாருங்க. எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. நல்ல ஏற்பாடுதான், யோசிச்சுப் பாத்தா."

அது அவருடைய அக்கா. பெலிக்ஸுக்குக் கல்.

ஜூன் 4, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் பெலிக்ஸ் வந்தான். தனியாக, காலை ரயிலில். கையில் அட்டைப் பெட்டி. நான் முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். எதிரே உட்காராமல் நின்றுகொண்டே பெட்டியைப் பிரித்தான்.

உள்ளே மெல்லிய தாளில் சுற்றி ஓர் இழைப்புளி. கறுப்புப் பெயின்ட் பளபளக்கிறது. ஈட்டி மரக் கைப்பிடி. அலகின்மேல் இருக்கும் இரும்பு மூடியில் கிரான்லி என்று பெரிய எழுத்து. மூன்றாம் எண். ஏசி போட்ட பழம்பொருள் கடை ஒன்றில் சொல்லி வைத்து வாங்கினானாம்.

"எப்பப் பாத்தாலும் சல்லிசாவே சேக்குறியேண்ணே. ஒண்ணாச்சும் ஒசத்தியா இருக்கட்டும்."

"எதுக்குடா இவ்வளவு செலவு?"

"இருக்கட்டும்ண்ணே. இருக்கட்டும்."

மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றான். ரெஜினா மீன் குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் தம்பி என்று வாசல்வரை போய்க் கூப்பிட்டாள். வயிறு சரியில்லை அண்ணி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடாமல் போனது இதுதான் முதல் தடவை. வந்ததிலிருந்து போனவரை என் முகத்தை அவன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இந்தக் கிரான்லியை நான் எங்கே வைப்பது? ரோவன்களுக்கு நடுவில் வைத்தால் கல்யாண வீட்டுக்கு வந்த கலெக்டர் மாதிரி இருக்கிறது. பெட்டியிலேயே மூடி வைத்துவிட்டேன்.

ரெஜினா குழம்பை மூடிக்கொண்டே சொன்னாள், "கிட்னிக்குப் பதிலா மரம் எழைக்கிறதைக் குடுத்துட்டுப் போறாரு."

"வாயை மூடு" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

ஜூன் 6, செவ்வாய்

டயாலிசிஸின்போது டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். காலைத் தொட்டு வீக்கம் பார்த்தார். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். கேட்டால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். ஒன்றுமில்லை டாக்டர் என்றேன்.

ஜூன் 8, வியாழன்

இரண்டு மணி நேரமாகப் பேனாவைக் கையில் வைத்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன். அவனுக்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பொய் சொன்னான். அவன் சாப்பிடாமல் போன அன்றே எனக்குத் தெரியும். அதற்கு முன்பே தெரிந்திருக்கலாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தருகிறேன் என்று சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்லையா? நான் கேட்கவில்லையே. ஆசை காட்டினான். கத்திரி முழுக்க நான் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு, ஆபரேஷன் முடிந்ததும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பது, பிறகு ஓர் இளநீர் குடிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

எழுதியதில் ஆத்திரம் ஒன்றும் குறையவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

சந்தைக்குப் போகத் தெம்பில்லை. கை பரபரவென்று இருந்தது. பெட்டியிலிருந்து அந்தக் கிரான்லியை எடுத்துத் தரச் சொன்னேன். என்னதான் கோபம் இருந்தாலும் இரும்பு என்ன செய்தது?

கையில் வாங்கியதுமே ஏதோ இடித்தது. பெயின்ட் ரொம்பப் புதிதாக இருந்தது. கிரான்லியில் அலகு உட்காரும் மேடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கும். மேடையை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு. செலவைக் குறைக்க ரோவனில் அதை விட்டுவிட்டார்கள். இதில் திருகு இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினேன். சுற்றவில்லை. அழுத்தினேன். தலை மட்டும் தனியாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு அடியில் துளையே இல்லை, வெறும் இரும்பு.

ரெஜினாவை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கைப்பிடியைக் கழற்றினேன். தூரிகை எட்டாத அந்த அடியிடத்தில் மெரூன் நிறம்.

ரோவன். மூன்றாம் எண் ரோவன்.

எங்கள் உலகத்தில் இது புதிதில்லை. உடைந்த கிரான்லியிலிருந்து மூடியையும் அலகையும் கழற்றி ரோவனுக்கு மாட்டி, கறுப்பு அடித்து, உசத்தி விலைக்கு விற்பார்கள். வேஷம் கட்டியது என்போம். நான்காம் எண்ணிலும் ஐந்தாம் எண்ணிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் எண் ரோவனுக்கே வேஷம் கட்டுவான் என்று நினைக்கவில்லை. அந்தக் கடைக்காரனுக்குத் தன் கையில் இருந்தது எது என்றே தெரியாது. கிரான்லி மூன்றாம் எண் ஊரில் பத்து கிடைக்கும். இது கிடைக்காது.

சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கும்வரை சிரித்தேன். ரெஜினா பயந்துபோய் முதுகைத் தடவினாள். விஷயத்தைச் சொன்னதும், "நல்லா வேணும் அவருக்கு" என்றாள். சற்றுப் பொறுத்து, "பாவம், எவ்வளவு கொட்டிக் குடுத்தாரோ" என்றாள்.

நல்லா வேணும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எனக்குப் பொய்யைக் கொடுத்தவன் கையில் ஒருத்தன் பொய்யை விற்றிருக்கிறான். நாளைக்குப் போன் போட்டுச் சொல்லப்போகிறேன். நீ வாங்கிக் கொடுத்தது போலி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஜூன் 12, திங்கள்

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "அந்த எழைப்புளி எப்படிண்ணே இருக்கு?" என்றான்.

"உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்டா. அது கிரான்லி இல்லை. ரோவன். கறுப்பு அடிச்சு, மூடியை மாத்தி உன் தலையில கட்டியிருக்கான்."

"ஐயோ" என்றான். அவ்வளவு மெல்லிய ஐயோவை நான் கேட்டதில்லை. "இதுகூட எனக்கு ஒழுங்கா வாங்கத் தெரியலியேண்ணே."

வைத்துவிட வேண்டிய இடம் அதுதான். வைக்க முடியவில்லை.

"டேய், இருடா. மூணாம் நம்பர் ரோவன் அது. சர்வீஸ்ல இருந்த நாள்லேர்ந்து நான் தேடுறது. நெசமான கிரான்லியை நீ வாங்கியிருந்தா அது பெட்டிக்குள்ளேயே கெடந்திருக்கும்."

"சும்மா சொல்றே."

"இதுல நான் சும்மா சொல்லுவேனாடா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கல்லு இல்லண்ணே."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"நீ சாப்பிடாமப் போனியே, அன்னையிலேர்ந்து."

அழுதான். நாற்பத்தைந்து வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பயந்துட்டேண்ணே. அந்த டாக்டர் என்னென்ன ஆகலாம்னு ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே வந்தாரு. சின்னவ மூஞ்சிதான் கண்ணுல நின்னுச்சு. நான் மாட்டேன்னு சொல்லவே இல்ல. அவரே புரிஞ்சுக்கிட்டு, நான் பாத்துக்கிறேன், நீங்க போங்கன்னுட்டாரு. அன்னையிலேர்ந்து சோறு எறங்கலண்ணே."

"எனக்கும் பயமாத்தான்டா இருக்கு" என்றேன். இதை இதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு நாக்கு லேசானது மாதிரி இருந்தது.

உடனே அவன் கேட்டான், "அண்ணே, நான் மறுபடியும் போயி, சம்மதம்னு சொல்லிரவா? நீ சொல்லு. சொன்னா நாளைக்கே வர்றேன்."

வேண்டாம் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை. அண்ணன் என்பவன் சட்டென்று சொல்ல வேண்டிய வார்த்தை. எனக்கு வரவில்லை. எனக்கு வேண்டும். வாழ வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், வாரம் மூன்று நாள் ஊசி குத்தாமல் இருக்க வேண்டும். வாய்க்குள் 'வா' என்ற எழுத்து வந்து நின்றுகொண்டிருந்தது.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன்.

"இனிமேத்தான்."

"போய்ச் சாப்பிடு. நாளைக்குப் பேசுறேன்."

ஜூன் 13, செவ்வாய்

டயாலிசிஸ் படுக்கையில் படுத்தபடி ஊசி இல்லாத கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும்.

காலையில் ஆட்டோ வருவதற்கு முன்னால் பெலிக்ஸைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னேன். பயப்படுகிறவனிடமிருந்து வாங்கி உள்ளே வைத்துக்கொண்டால், அப்புறம் அவனுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட நான் தூங்க மாட்டேன். அரசாங்க வரிசை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். நீ வழக்கம்போல வந்து போய்க்கொண்டிரு, வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ. அவன் அண்ணே அண்ணே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னவளைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னான். அவள் எல்.கே.ஜி. பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினாள். போனை வைத்தபோது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது.

அதே மரியாதையோடு சமையலறைக்குப் போனேன். ஆஸ்பத்திரிப் பையில் போர்வையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள் ரெஜினா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"யாரைக் கேட்டு வேண்டாம்னு சொன்னீங்க?"

"என்ன ரெஜி, அவன் பயப்படுறான். அவனைப் போயி..."

"அவரு பயப்படுறாரு, சரி. நீங்க பயப்படுறீங்கன்னு நேத்து அவருகிட்ட சொன்னீங்க, அதையும் கேட்டேன். அண்ணனும் தம்பியும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டீங்க." போர்வையைப் பைக்குள் திணித்தாள். "உங்களுக்கு ஒண்ணுன்னா இந்த வீட்ல தனியா நிக்கப்போறது நான். எனக்குப் பயமா இருக்கான்னு யாராச்சும் ஒருத்தர் கேட்டீங்களா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். கேஸைச் சரியாக மூடியிருக்கிறோமா என்று பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள், மாத்திரைகளை எடுத்துப் பையின் ஓரத்தில் போட்டாள்.

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள். இரண்டாவது படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல், நான் பிடித்துக்கொள்வதற்குக் கையைப் பின்னால் நீட்டினாள்.

பிடித்துக்கொண்டேன். "பயமா இருக்கா ரெஜி?" என்றேன்.

"இப்பக் கேக்குறீங்க" என்றாள். கையை விடவில்லை.